மிச்சம் எத்தனை டன்? வான்கப்பல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எந்தக் கப்பலைப் பற்றியது என்ற குறிப்பே இல்லை. “செப்பலினில் எத்தனை பயணிகள் போவார்கள்?” என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? செப்பலின் என்பது ஒரே கப்பல் அல்ல, ஜெர்மன் வான்கப்பல்களின் வகைப்பெயர். கிராஃப் செப்பலினில் 20 பேர். ஹிண்டன்பர்க்கில் முதல் ஆண்டு 50, அடுத்த ஆண்டு 72. போடன்ஸீ என்ற சிறிய கப்பல் வேறு கதை. கப்பலின் பெயரையும் முடிந்தால் ஆண்டையும் எழுதுங்கள். போன தடவையும் சொன்னேன், அடுத்த தடவையும் சொல்வேன்.

கே: ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க்கில் புகைபிடிக்க ஓர் அறை இருந்ததாமே! நம்பலாமா?

நம்பலாம். அறை கீழ்த்தளத்தில் இருந்தது; ஹைட்ரஜன் கசிந்தால் மேலேதான் போகும். அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக வைத்தார்கள். ஆகவே காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. இரட்டைக் கதவு. தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் ஏறும்போதே வாங்கி வைக்கப்பட்டுவிடும். உள்ளே இருந்தது ஒரே ஒரு மின்சார லைட்டர். எரியும் சிகரெட்டோடு யாரும் வெளியே போகாமல் பணியாளர் பார்த்துக்கொண்டார். அந்தக் கப்பலின் மிகப் பாதுகாப்பான அறை அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

கே: ஹீலியம் ஹைட்ரஜனைவிட இரண்டு மடங்கு கனம். அப்படியானால் தூக்குவிசை பாதியாகத்தானே குறையும்?

இல்லை. வாயுவின் எடை எவ்வளவு என்பதை விடுங்கள். அது இடம்பெயர்த்த காற்றின் எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. அதே அளவு ஹைட்ரஜன் 0.09, ஹீலியம் 0.18. வித்தியாசங்களை நீங்களே கழித்துப் பாருங்கள்: 1.1 கிலோ ஒரு பக்கம், ஒன்றுக்குச் சற்று மேல் மறுபக்கம். சுமார் எட்டு சதவீதம்தான் வரும்.

“எட்டு சதவீதம்தானா” என்று உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஹிண்டன்பர்க்கின் கொள்ளளவு இரண்டு லட்சம் கன மீட்டர். எட்டு சதவீதம் என்றால் பதினேழு, பதினெட்டு டன். அந்த டன்கள் சட்டகத்திலிருந்தா குறையும்? எரிபொருள், பயணி, தபால் ஆகியவற்றிலிருந்துதான் குறையும். அக்கப்பல் முழுச் சுமையில் எடுத்துப்போன டீசலே சுமார் 60 டன்தான். ஹீலியத்தை நம்பி வடிவமைத்துவிட்டு, அமெரிக்கா கொடுக்காததால் ஹைட்ரஜனுக்கு மாறினார்கள். அப்படி மாறியதில் கூடிய தூக்குவிசையில்தான் 1936-37 குளிர்காலத்தில் கூடுதல் அறைகள் கட்டினார்கள். என் பழைய பல்லவி இங்கேயும் பொருந்தும்: மொத்தத் தூக்குவிசையைப் பார்க்காதீர்கள், கப்பலின் சொந்த எடை போக மிஞ்சும் மிச்சத்தைப் பாருங்கள்.

கே: பியானோ வைத்திருந்தார்களா?

ஆம், 1936இல். புளூத்னர் நிறுவனம் அலுமினியத்தில் செய்து கொடுத்தது; 200 கிலோவுக்கும் குறைவு; மேலே பன்றித்தோல் உறை. 1937இல் இறக்கிவிட்டார்கள்.

கே: ஆர் 101 புயலில் சிக்கியதால்தானே விழுந்தது? நல்ல வானிலையில் புறப்பட்டிருந்தால் இந்தியா வந்து சேர்ந்திருக்கும் அல்லவா?

இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது. ஒருமுறை ஆர் 101 பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு ஒரு பத்திரிகை ஹிண்டன்பர்க் எரியும் படத்தைப் போட்டு, கீழே “புயலில் பலியான வான்கப்பல்” என்றும் அச்சிட்டது. ஒரே வரியில் இரண்டு பிழை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை, ஆகையால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆர் 101 பிரிட்டிஷ் அரசு கட்டிய வான்கப்பல். புயலுக்கு முன்பே எடை அந்தக் கப்பலைச் சாய்த்துவிட்டது. ஐம்பது லட்சம் கன அடி வாயு, 150 டன் தூக்குவிசை, அதில் சுமக்கக் கிடைப்பது 60 டன் என்பது திட்டம். 1929இல் இங்கிலாந்தின் கார்டிங்டனில் கட்டி முடித்து எடை போட்டபோது கிடைத்தது 35 டன். எரிபொருள், பேலஸ்ட் நீர் (கப்பலை இலகுவாக்க வேண்டும்போது கொட்டுவதற்காக ஏற்றும் நீர்), ஊழியர், பயணி, உணவு எல்லாம் இந்த 35க்குள் அடங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு அன்றைய இந்தியாவின் கராச்சிக்குப் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எடை எங்கே போனது? என்ஜினைப் பாருங்கள். வெப்ப நாட்டுப் பயணத்தில் பெட்ரோல் ஆவி ஆபத்து என்று பயந்து டீசலுக்குப் போனார்கள். பியர்ட்மோர் டொர்னாடோ, ஐந்து என்ஜின், ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த டீசல் என்ஜின்களைக் கிளப்பச் சிறிய பெட்ரோல் என்ஜின்கள் வைத்திருந்தார்கள்! அதைவிடப் பெரிய வேடிக்கை, ஐந்தில் ஒன்று முன்னே தள்ளவே இல்லை. கட்டுக்கம்பத்தை நெருங்கும்போது பின்னோக்கி இழுக்க மட்டும் அது. சில நிமிட வேலைக்காக, இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள இரும்பு, வழி நெடுக, சும்மா. பின்னால் அதைச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே காலத்தில் ஹௌடனில் தனியார் கட்டிய ஆர் 100 ரோல்ஸ்-ராய்ஸ் பெட்ரோல் என்ஜின்களோடு 1930 கோடையில் கனடா போய்த் திரும்பி வந்தது.

எடையைக் குறைக்க முடியாதபோது வாயுவைக் கூட்டினார்கள். வாயுப்பைகளைப் பிடித்திருந்த வலைக்கம்பிகளைத் தளர்த்தி, பைகளை உப்பவிட்டார்கள். பைகள் சட்டகத்தின் திருகுகளிலும் முனைகளிலும் உரசின. உரசிய இடத்திலெல்லாம் ஓட்டை. அதற்கு ஆயிரக்கணக்கான இடங்களில் திண்டு வைத்துக் கட்டினார்கள். பிறகு கப்பலை நடுவில் வெட்டி, 45 அடி நீளத்துக்குப் புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். மிச்சம் 49 டன்னுக்கு ஏறியது.

போதும் என்கிறீர்களா? வெப்பத்தைக் கணக்கில் சேருங்கள். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறரை சதவீதம் குறைகிறது. தூக்குவிசையும் அதே அளவு குறையும். நீட்டிய பிறகு மொத்தத் தூக்குவிசை 167 டன்; அதில் ஆறரை சதவீதம் என்றால் பதினொரு டன். மொத்தத்தோடு ஒப்பிட்டால் சில்லறை. மிச்சமிருந்த 49 டன்னில் கிட்டத்தட்டக் கால்வாசி! இங்கிலாந்துக் குளிரில் கூட்டிய மிச்சத்தில் அவ்வளவையும் கராச்சி வெயில் தின்றுவிடும்.

நீட்டிய பிறகு, 1930 அக்டோபர் முதல் தேதி ஒரே ஒரு சோதனைப் பயணம். எண்ணெய்க் குளிரூட்டி பழுதானதால் முழு வேகச் சோதனை நடக்கவே இல்லை. விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு பேரரசு மாநாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வழியில் எகிப்தின் இஸ்மாயிலியாவில் கப்பலிலேயே விருந்து வைக்கக் கம்பளமும் பாத்திரங்களும் ஏறின. அக்டோபர் 4 மாலை கட்டுக்கம்பத்திலிருந்து விடுபட்டு எழவே நான்கு டன் பேலஸ்ட் நீரைக் கொட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் புயல் எதுவும் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் பிரான்சில் போவே அருகே தரையைத் தொட்டு எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள், அமைச்சர் உட்பட.

முன்பக்க மேலுறை கிழிந்து வாயு போனது என்று விசாரணை சொன்னது. காற்றும் மழையும் கிழித்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மிச்சம் உள்ள கப்பல் ஒரு பையிலிருந்து வாயு போனாலும் பேலஸ்டைக் கொட்டி மேலே நிற்கும். கொட்டுவதற்கு இதனிடம் என்ன இருந்தது? கராச்சியில் இதற்காகக் கட்டிய பிரம்மாண்டக் கொட்டகைக்குள் கடைசிவரை ஒரு வான்கப்பல்கூட நுழையவில்லை.

கே: வாயுப்பை மாட்டுக் குடலால் செய்ததா? அருவருப்பாக இருக்கிறதே.

அருவருப்பு உங்கள் வசதி. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையின் மேல்சவ்வு அது, ஒரு மாட்டுக்கு ஒரு துண்டு. கொழுப்பைச் சுரண்டி, ஊறவைத்து, ஈரத்தோடு ஒன்றன் விளிம்பில் ஒன்றைப் படிய வைத்தால் காய்ந்ததும் தையலும் பசையும் இல்லாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். எங்கே சேர்ந்தது என்று தேடினாலும் தெரியாது. பிறகு அதைப் பருத்தித் துணியில் ஒட்டுவார்கள். வாயு கசிவதும் குறைவு, ரப்பர் துணியைப்போல நிலைமின் பொறி கிளப்புவதும் இல்லை. பெரிய கப்பல் ஒன்றுக்கு இரண்டு லட்சம் மாடுகளுக்கு மேல் தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் சாசேஜுக்குக் குடல் கிடைக்காமல் போனது இதனால்தான். ஹிண்டன்பர்க்குக்கு இது பொருந்தாது. அதில் ஜெலட்டின் பூசிய துணி.

கே: கிராஃப் செப்பலின் நீல நிற வாயுவை எரித்ததா?

அது எரித்தது பிளாவ் வாயு. ஜெர்மன் மொழியில் ‘பிளாவ்’ என்றால் நீலம்தான், ஆனால் இங்கே அது வாயுவைக் கண்டுபிடித்த ஹெர்மன் பிளாவின் பெயர். நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வாயு ஏறக்குறையக் காற்றின் அடர்த்தி கொண்டது, ஆகவே எவ்வளவு எரித்தாலும் கப்பலின் எடை மாறாது. ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டியதில்லை. அதே கணக்கை ஹிண்டன்பர்க் டீசலோடு சமாளித்தது: எரிபொருள் தீரத் தீரக் கப்பல் இலகுவாகும், அதை ஈடுகட்ட மேலுறையில் மழைநீரைச் சேகரிக்கும் வாய்க்கால் வைத்திருந்தார்கள்.

கே: கிராஃப் செப்பலின் ஏன் பென்சில்போல ஒல்லியாக இருந்தது?

அதைக் கட்டிய ஜெர்மன் ஊர் ஃபிரீட்ரிஷ்ஷாஃபனில் கொட்டகையின் உயரம் அவ்வளவுதான். அகலப்படுத்த முடியாததால் நீளப்படுத்தினார்கள். 30 மீட்டர் விட்டம், 236 மீட்டர் நீளம். நல்ல வடிவம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 590 பயணம், உலகம் சுற்றல், ஒரு பயணிக்குக்கூடக் காயமில்லை. அதன் தலைவர் ஹூகோ எக்கனர் வானிலையைப் படிக்கத் தெரிந்தவர் என்பதுதான் காரணம்.

கே: ஹிண்டன்பர்க்கில் எரிந்தது ஹைட்ரஜன் இல்லையாம், ராக்கெட் எரிபொருளால் ஆன பெயிண்டாம். ஒரு வீடியோவில் பார்த்தேன்.

வீடியோவில் பார்த்தீர்கள், கணக்குப் போட்டீர்களா? மேலுறையில் அலுமினியத் தூள் இருந்தது உண்மை. இரும்பு ஆக்சைடும் இருந்தது, அதுவும் மேற்பகுதியில் மட்டும். இரண்டும் தனித்தனிப் பூச்சு, ராக்கெட்டுக்கு வேண்டிய விகிதமும் இல்லை. அந்தத் துணி எரியும் வேகத்தில் 245 மீட்டர் கப்பல் எரிந்து முடிய மணிக்கணக்கில் ஆகியிருக்கும். அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் 1937 மே 6 அன்று ஆனது அரை நிமிடம் சொச்சம். வால் தரையில் விழுந்ததும், நிமிர்ந்து நின்ற மூக்கு வழியே புகைபோக்கிபோல நெருப்பு பீறிட்டதைப் படத்தில் பாருங்கள். பெயிண்ட் அப்படிப் பீறிடுமா? “ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியாதே, சிவப்பு ஏன்?” என்று அடுத்து கேட்பீர்கள். துணியும் கூடவே எரிந்ததால்தான். கசிந்த ஹைட்ரஜனை நிலைமின்சாரம் பற்றவைத்திருக்கலாம் என்றன விசாரணைகள். கசிவு எப்படி வந்தது என்பதில்தான் இன்னும் வாதம்.

ஏறியிருந்த 97 பேரில் 62 பேர் தப்பினார்கள் என்பதையும் அந்த வீடியோக்காரருக்குச் சொல்லுங்கள்.

கே: அப்படியென்றால் வரலாற்றிலேயே மோசமான வான்கப்பல் விபத்து ஹிண்டன்பர்க்தானே?

இல்லை. அமெரிக்கக் கடற்படையின் அக்ரான், 1933 ஏப்ரல் 4, கடலில் விழுந்தது. 76 பேரில் 73 பேர் இறந்தார்கள். பயணிகள் கப்பல் அல்ல. ஆனால் உள்ளே இருந்தது ஹீலியம். எரியாத வாயு மிதவை அங்கி ஆகாது.

கே: எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் வான்கப்பல்கள் நின்றனவா?

இல்லை. மூக்கை மட்டும் கட்டினால் வால் காற்றில் சுழலும், கட்டடத்தை ஒட்டி மேலெழும் காற்றோட்டம் வேறு. பேலஸ்ட் நீரைக் கொட்டினால் கீழே நியூயார்க் நடைபாதை. விளம்பரத்துக்குச் சொன்னது.

கே: அறைகள் சொகுசாக இருந்தனவா?

கூடங்கள் சொகுசு, அறைகள் இல்லை. ஃபிரீட்ரிஷ்ஷாஃபன் அருங்காட்சியகத்தில் ஹிண்டன்பர்க்கின் ஒரு பகுதியை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அறைக்குள் நுழைந்தேன். இரண்டு கட்டில், ஒன்றன்மேல் ஒன்று, சுவரோடு மடங்கும் கைகழுவும் தொட்டி, ஜன்னல் கிடையாது. உள்ளே ஒருவர் சட்டை மாற்ற வேண்டுமானால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். 1936இல் இருந்த அறைகள் இப்படித்தான். சுவர் என்பது துணி போர்த்திய நுரைப்பலகை, பக்கத்து அறைக் குறட்டை இலவசம். கப்பல் முழுவதற்கும் ஒரே ஒரு ஷவர். எல்லாம் அதே மிச்சக் கணக்குதான். ஒரு வழிக்கு 400 டாலர் கொடுத்தவர்கள் அறைக்குள் உட்காரவில்லை, சாய்வு ஜன்னலைத் திறந்து அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கே: என் மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு வான்கப்பல்களின் முழு வரலாறும் நாளைக்குள் வேண்டும்.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே அந்த நாளை போய்விட்டது.

கே: ஹிண்டன்பர்க்கை அட்டையில் நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். வளையங்களுக்கு எத்தனை பக்கம் வைப்பது?

கப்பல் பெயரும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்! 36 பக்கம். கிராஃப் செப்பலினின் 28ஐ இதில் போட்டுவிடாதீர்கள். நடு அச்சில் ஒரு நடைபாதை, அடியில் ஒன்று. உங்கள் மாதிரி இரண்டரை மீட்டர் நீளம் வரும், விட்டம் 41 சென்டிமீட்டர். ஒட்டத் தொடங்கும் முன் அறைக் கதவையும் அதற்கு வெளியே உள்ள திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்.