நீலப் பெட்டியின் பித்தளைத் திருகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிணற்று நீர்மட்டத்தை செல்போனில் பார்க்க ஒரு போர்டு செய்தேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க எல்.எம். 2596 மாட்யூல் வாங்கினேன். அதிலுள்ள நீலப் பெட்டியின் பித்தளைத் திருகை மூன்று சுற்று சுற்றியும் மீட்டர் 11 வோல்ட்டிலேயே நின்றது. போர்டை இணைத்துவிட்டுத் திருகிக்கொள்ளலாம் என்று இணைத்தேன், புகைந்துவிட்டது. மாட்யூல் பழுதா?
- வாழைத் தோப்புக்காரர், களக்காடு

பதில்: மாட்யூல் நல்ல மாட்யூல்தான், தம்பி. அவசரப்பட்டது நீங்கள்.

அந்த நீலப் பெட்டி, திருகினால் ஓம் மாறும் ஒரு ரெசிஸ்டர்; வெளியே வரும் வோல்ட்டை அதுதான் முடிவு செய்கிறது. ரேடியோ வால்யூம் போல ஒரே சுற்றில் முடிவதில்லை; முழுதாகச் சுற்ற ஏறக்குறைய 25 சுற்று வேண்டும். கடையிலிருந்து வரும்போது திருகு எங்கோ நடுவில் நிற்கும். அந்த நிலையில் மாட்யூல் கொடுக்கப் பார்ப்பது 20 வோல்ட். நீங்கள் ஊட்டுவதோ 12. இது இறக்கத்தான் தெரிந்தது, ஏற்றத் தெரியாது. வந்ததில் தன் பங்காக ஒரு வோல்ட் போல எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே தள்ளிவிடும். பெரும்பாலானவற்றில் இடப்பக்கம் சுற்றினால் குறையும். ஆறேழு சுற்று வரை மீட்டர் அசையாது, பிறகு சரசரவென்று இறங்கும். எதையும் இணைக்காமல் மீட்டரில் 5 வோல்ட்டைப் பார்த்த பிறகுதான் போர்டு பக்கமே போகவேண்டும். பேட்டரி ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தாலும் தாங்காது; தலைகீழ் இணைப்புக்குக் காப்பு எதுவும் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் கைக்காசில் படித்த பாடம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எண் காட்டும் போர்டு செய்து கொடுத்தேன். எட்டு மாதம் ஓடியது. தவிட்டுத் தூசி திருகுக்குள் போய் உள்ளே தொடுமுனை விட்டுப்போனது. அது விட்டுப்போனால் வோல்ட் குறையாது. உள்ளே வருவது கிட்டத்தட்ட முழுதாக வெளியே போய்விடும். 24 வோல்ட்டும் பாய்ந்து போர்டு கரியாகிவிட்டது. முதலாளி இன்றும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் அதைத்தான் விசாரிப்பார். அன்று முதல், வோல்ட் மாறத் தேவையில்லாத இடத்தில் நீலப் பெட்டியைக் கழற்றிவிடுகிறேன். பக்கத்துச் சிறு ரெசிஸ்டரில் 331 என்று எழுதியிருந்தால் அது 330 ஓம். அப்படியானால், திருகும்போது ஓம் மாறுகிற இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரை ஈயம் வைத்துவிடுங்கள். 4.96 வோல்ட் போல வரும். உங்கள் போர்டுக்கு அது போதும். தூசியோ பல்லியோ அதைத் திருக முடியாது.

3 ஆம்பியர் என்று விற்பார்கள். சித்திரை வெயிலில், தகரம் வேய்ந்த மோட்டார் அறையில், நான் 2 ஆம்பியருக்கு மேல் நம்புவதில்லை.

கேள்வி: இரண்டு 12 வோல்ட் சோலார் பேனல்களைத் தொடராக இணைத்து நேரே இந்த மாட்யூலுக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், ராதாபுரம்

பதில்: வேண்டாம். பெயர்தான் 12. சுமை இல்லாதபோது ஒரு பேனல் 21, 22 வோல்ட் காட்டும். இரண்டு சேர்ந்தால் 43 போலப் போகும். மாட்யூலில் இருக்கும் எல்.எம். 2596 சில்லு தாங்குவது 40 வோல்ட். சில மாட்யூல்களில் உள்ளே வரும் பக்கத்துக் கண்டென்சர் 35 வோல்ட்தான். பேனல்களைப் பக்க இணைப்பில் போடுங்கள்.

கேள்வி: அப்பாவின் 6 வோல்ட் டிரான்சிஸ்டரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட இந்த மாட்யூலைப் பொருத்தினேன். மற்ற அலைவரிசை சுமார். திருநெல்வேலி வானொலி மட்டும் ஒரே கூச்சல். அப்பா திட்டுகிறார்.
- மாணவி, முக்கூடல்

பதில்: அப்பா திட்டுவதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சில்லு வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முறை, அதாவது 150 கிலோஹெர்ட்ஸில், மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகிறது. அதன் மடங்குகளும் கூடவே காற்றில் கிளம்பும். எட்டு மடங்கு எவ்வளவு? 1200. நம் நிலையம் மத்திய அலையில் 1197. பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி நேரே காதில் விழத்தான் செய்யும்.

ஒயரை முறுக்கி, தகர டப்பாவுக்குள் வைத்துப் பார்க்கலாம்; கொஞ்சம் குறையும். அந்த ரேடியோவுக்கு 100 மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது. மாறாமல் 6 வோல்ட் தரும் பழைய மூன்று கால் சில்லு, 7806 ஒன்று போடுங்கள். மிச்சமாகும் 6 வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும்தான், ஆனால் அது அரை வாட்டைச் சுற்றித்தான், கை வைத்தால் சூடு தெரியும், அவ்வளவுதான். மாட்யூலைக் கழற்றிச் செல்போன் சார்ஜ் போட வைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டு.