போர் விமானத்துக்கு ஒட்டுப் போடும் முறை விண்கலத்துக்கு உதவுமா?

குண்டு துளைத்த போர் விமானத்தைக் களத்திலேயே அவசரமாகச் சரிசெய்து பறக்க விடுவதுபோல, சுற்றுப்பாதையில் உள்ள விண்கலத்தையும் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவிகளில் பாதி உதவாது; அந்த மனப்போக்கு நன்றாகவே உதவும். புதிதுபோல ஆக்க வேண்டாம், அடுத்த வேலைவரை தாங்கினால் போதும் என்பதுதான் அது.

2018 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-09 கலத்தில், சுமார் 2 மில்லிமீட்டர் துளை வழியே காற்று கசிந்தது. எபாக்சி பசையில் தோய்த்த துணியால் அடைத்தார்கள். பூமிக்குத் திரும்பும்போது துளை இருந்த பகுதி எப்படியும் கழற்றிவிடப்படும் என்பதால் ஒட்டுக்கு அதற்குமேல் ஆயுள் தேவைப்படவில்லை.

2007இல் அதே நிலையத்தின் சூரியத் தகடு கிழிந்தபோது, கம்பியாலும் அலுமினியப் பட்டையாலும் நிலையத்திலேயே செய்த இணைப்புகளைக் கொண்டு விண்வெளி வீரர் ஸ்காட் பராசின்ஸ்கி அதைக் கட்டினார். தகட்டில் மின்சாரத்தை நிறுத்த வழியில்லை. அதனால் கருவிகளுக்கெல்லாம் காப்பு நாடா சுற்றியிருந்தார்கள். தையல்காரருக்கு இப்படியொரு சோதனை!

விமானத்தில் ஒட்டுத் தகட்டைப் பொருத்த உதவும் டிரில், ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) விஷயம் வேறு. உலோகத் துருவல் கீழே விழாமல் மிதக்கும், காலைப் பிணைத்துக்கொள்ளாவிட்டால் துளையிடுபவரே சுழன்றுவிடுவார். ஆளில்லாச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றுக்கு அருகே செல்லவே ஆளில்லை.