விற்பனை கூடுகிறது, கையில் பணம் நிற்கவில்லையே?

கேள்வி: பொருள்களை மொத்தமாக வாங்கிப் பிற நிறுவனங்களுக்கு வழங்கும் சிறு தொழிலை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். விற்பனை ஆண்டுதோறும் கூடுகிறது. ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது லாபம் என்றே வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்தைக் கூட்டி இன்னும் அதிகம் விற்றால் நிலைமை சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். உங்கள் கேள்வியில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், விற்பனையைக் கூட்டுவது நெருக்கடியை மேலும் இறுக்கவே வாய்ப்பு அதிகம். சிறு தொழில்கள் வாடிக்கையாளர் இல்லாமல் மூடப்படுவதைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் இருந்தும், ஏட்டில் லாபம் இருந்தும், குறித்த நாளில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க ரொக்கம் இல்லாமல் மூடப்படுகிற தொழில்களும் ஏராளம்.

லாபம் என்பது ஒரு கணக்கீடு. கடனுக்கு விற்ற சரக்கும், பில் போட்ட அன்றே விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வந்து சேர்வதோ வாரங்கள் கழித்து. அந்த இடைவெளியில் உங்கள் முதல் எவ்வளவு நாள் முடங்குகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வாங்கிய சரக்கு சராசரியாக 45 நாள் கிடங்கில் இருக்கிறது, விற்ற பிறகு பணம் வர 60 நாள் ஆகிறது, உங்களுக்குச் சரக்கு தருபவர் 30 நாள் தவணை தருகிறார் என்று கொள்வோம். 45-உடன் 60-ஐக் கூட்டி 30-ஐக் கழித்தால் 75. அதாவது நீங்கள் போடும் ஒவ்வொரு தொகையும் இரண்டரை மாதம் கழித்தே உங்கள் கைக்குத் திரும்புகிறது.

இதை மாத விற்பனையோடு பொருத்திப் பாருங்கள். மாதம் 100 பங்குக்கு (ஒரு பங்கை ஆயிரம் ரூபாய் என்றோ லட்சம் என்றோ வைத்துக்கொள்ளுங்கள்) விற்கிறீர்கள், சரக்கின் அடக்கம் 80, வாடகை, சம்பளம் முதலியவை 12, மீதி லாபம் 8 என்றால், மாத அடக்கம் 80-ஐ இரண்டரை மாதத்தால் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 200 பங்கு, உங்கள் முதலிலிருந்து எந்நேரமும் சரக்காகவும் நிலுவையாகவும் வெளியே நிற்கும். விற்பனை ஒன்றரை மடங்காகி 150-ஐத் தொட்டால் இந்த 200 என்பது 300 ஆகிவிடும். கூடுதலான 100-ஐ எங்கிருந்து கொண்டுவருவது? வாடகையும் சம்பளமும் சிறிதும் ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் மாத லாபம் 18 தான். சொந்தச் செலவுக்கு ஒரு காசும் எடுக்காமல் ஐந்து மாதத்துக்கு மேல் சேர்த்தால்தான் அந்த 100 தேறும். வளர்ச்சியே பணத்தைத் தின்கிறது என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான். மாறாக, பழைய விற்பனையிலேயே நின்றுகொண்டு, வசூலை மட்டும் 60 நாளிலிருந்து 45 நாளாகக் குறைத்தால், முடங்கிய முதலில் அரை மாத அடக்கமான 40 பங்கு விடுபடும். அது உங்கள் ஐந்து மாத லாபத்துக்குச் சமம்.

ஆகவே வசூலில் தொடங்குங்கள். சரக்கு போன அன்றே பில் போக வேண்டும். மாதக் கடைசியில் சேர்த்து அனுப்பும் பழக்கம் இருந்தால், தவணை தொடங்குவதற்கு முன்பே சில வாரங்களை இழந்துவிடுகிறீர்கள். யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை நாள் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தவணை முடிவதற்கு முன் ஒரு நினைவூட்டல், முடிந்த மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு, பழைய நிலுவை தீரும்வரை புதுச் சரக்கு இல்லை என்ற வரம்பு ஆகியவை போதும். பணம் கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்ற தயக்கம் பலருக்கும் இருக்கிறது. 100-க்கு விற்ற சரக்கின் பணம் வராமலே போனால், அதில் போன 80 அடக்கத்தை மீட்க மட்டும் அதே அளவு இன்னும் நான்கு முறை விற்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், அந்தத் தயக்கம் குறையும். விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளரிடம் இருந்தால், அவர் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் சம்பள நாளைப் பாதிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, விலை. அடக்கத்தின் மேல் 20 விழுக்காடு வைத்துவிட்டு, விற்பனையில் 20 விழுக்காடு லாபம் என்று நம்புவது மிகப் பரவலான பிழை. கணக்கு நன்கு தெரிந்தவர்களே இதில் தவறியதைப் பார்த்திருக்கிறேன். 80-இன் மேல் 20 விழுக்காடு என்றால் விலை 96 ஆகும். கிடைக்கும் 16, அந்த விலையில் 16.7 விழுக்காடே. தள்ளுபடி இதைவிட ஆபத்தானது. 100-க்கு விற்பதை 90-க்குக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பத்து விழுக்காடு குறைகிறது, உங்களுக்கோ அடக்கம் 80 போன மிச்சம் 20-இலிருந்து 10 ஆகப் பாதியாகிறது. பழைய மிச்சத்தை எட்ட இரு மடங்கு விற்க வேண்டும். அதே பொருளை 105-க்கு விற்றால், ஐந்தில் ஒரு பங்கு விற்பனை குறைந்தாலும் மொத்த மிச்சம் மாறாது. இந்த இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்க்காமல் போட்டியாளரின் விலையைப் பின்தொடராதீர்கள். உங்கள் உழைப்புக்கு ஒரு மாதச் சம்பளத்தைச் செலவில் எழுதியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். எழுதாவிட்டால், லாபம் என்று நீங்கள் காண்பது உங்கள் கூலியாகவே இருக்கக்கூடும்.

தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து விற்பனை வரியாக வசூலிக்கும் தொகை அரசுக்கு உரியது. அதைத் தனிக் கணக்கில் ஒதுக்குவது நல்லது, இல்லையெனில் கட்ட வேண்டிய நாளில் அதுவும் ஒரு புதுக் கடனாகிவிடும். குறுகிய காலக் கடனை வாங்கி இயந்திரமோ வாகனமோ வாங்குவதும் இதே வகைத் தவறுதான். ஐந்து ஆண்டு உழைத்து வருமானம் தரவேண்டிய பொருளின் கடனை ஓராண்டில் அடைக்க முற்பட்டால், அந்தச் சுமை அன்றாடச் சரக்குக்கான முதலிலிருந்தே போகும். கிடங்கில் ஆறு மாதமாக அசையாத சரக்கை அடக்கத்துக்குக் குறைவாகவேனும் தள்ளிவிடுங்கள். மேலே சொன்ன தள்ளுபடிக் கணக்கு இதற்குப் பொருந்தாது, ஏனெனில் அந்தச் சரக்கில் போட்ட பணம் ஏற்கெனவே முடங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் கண்ணில் படும்படி வைக்க ஒரு தாள் போதும். அடுத்த 13 வாரங்களுக்கு வாரத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, தொடக்கத்தில் உள்ள ரொக்கம், வரும் என்று நம்பும் பணம், கட்டாயம் கொடுக்க வேண்டிய பணம், மீதி என்ற நான்கையும் நிரப்புங்கள். பில்லில் உள்ள தேதியை எழுதாமல், அந்த வாடிக்கையாளர் வழக்கமாக எப்போது கொடுக்கிறாரோ அந்த வாரத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், அரை மணி நேரம் ஒதுக்கி நடந்ததை எழுதிப் புதிய வாரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் சில வாரங்களில் உங்கள் கணிப்பு தவறும். எங்கே தவறுகிறது என்பதிலிருந்தே எந்த வாடிக்கையாளரை நம்பலாம் என்பது புரிந்துவிடும்.

ஏழாம் வாரக் கட்டத்தில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போவது இன்றே தெரிந்தால், பழைய நிலுவைகளை விரட்டவும், ஒரு கொள்முதலைத் தள்ளிப்போடவும், சரக்கு தருபவரிடம் பதினைந்து நாள் கூடுதல் தவணை கேட்கவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவையும் போதாதபோது வங்கிக்குப் போங்கள், அந்தத் தாளையும் கையில் கொண்டு போங்கள். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பு கடன் கேட்பவரிடம் பேசுவதைவிட, ஏழு வாரம் முன்பே பற்றாக்குறையின் அளவையும் அது எந்த வாரத்தில் தீரும் என்பதையும் காட்டுகிறவரிடம் வங்கி மேலாளர் வேறு விதமாகப் பேசுவார். விளம்பரத்தைக் கூட்டுவது பற்றிய உங்கள் கேள்வியையும் அந்தத் தாளிலேயே சோதித்துப் பார்க்கலாம்: கூடுதல் விற்பனைக்கான சரக்குச் செலவை அது விழும் வாரத்திலும், வரவை 60 நாள் தள்ளியும் எழுதிப் பார்த்து, எந்தக் கட்டமும் குறைவில் விழவில்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.