ஃபைல் கண்ணெதிரே இருக்க, ‘இல்லை’ என்கிறதே போர்டு?

கேள்வி: சென்சார் அளவுகளை எடுத்து எம்க்யூடிடி (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் முறை) சர்வருக்கு அனுப்பும் ஒரு சி புரோகிராம் எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 20.04. ஏபிடி வழியாக நிறுவிய ஆர்ம் கிராஸ் கம்பைலரில் (லேப்டாப்பில் ஓடி ஆர்ம் சிப்புக்கான புரோகிராமைத் தரும் கம்பைலர்) கம்பைல் செய்தேன். போர்டில் ஆல்வின்னர் வி3எஸ் சிப், 64 எம்பி ராம். அங்கே ஓட்டினால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்கிறது. எல்எஸ் அடித்தால் ஃபைல் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்தால் ஓடுகிறது. ஆனால் சர்வரின் பெயரைக் கொடுத்தால் இணைய மறுக்கிறது, ஐபி எண் கொடுத்தால் இணைகிறது. போர்டின் லிப் ஃபோல்டர் பட்டியலை அனுப்பியிருக்கிறேன். எந்த டூல்செயின் (கம்பைலர், லிங்கர், லைப்ரரி அடங்கிய தொகுப்பு), எந்த சி லைப்ரரி போடலாம்?

பதில்: போர்டு பொய் சொல்லவில்லை. எந்த ஃபைலைக் காணோம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டது.

டைனமிக்காக, அதாவது ஓடும்போது லைப்ரரியைத் தேடிக்கொள்ளும்படி, லிங்க் ஆன ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும், அதை ஏற்றிவிட வேண்டிய லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். கெர்னல் முதலில் அந்த லோடரைத் தேடும். கிடைக்காவிட்டால் ‘ஃபைல் இல்லை’ என்ற பிழை எண்ணைத் திருப்பும். ஷெல் அதை உங்கள் புரோகிராமின் பெயரோடு ஒட்டி அச்சடித்துவிடும். லேப்டாப்பில் ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் எல் சேர்த்து ஓட்டுங்கள். ‘ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்பிரட்டர்’ என்ற வரியில் எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப் என்று நிற்கும். அது, உபுண்டுவில் உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியின் லோடர். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருப்பதோ எல்டி-மஸல்-ஆர்ம்எச்எஃப். ஆக, உங்கள் போர்டில் ஓடுவது மஸல் என்ற வேறொரு சி லைப்ரரி.

ஜிலிப்சி லோடரின் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு மஸலைக் காட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உபுண்டு கம்பைலர் ஆப்டிமைசேஷன் போட்டாலே பாதுகாப்புக்காகச் சில ஃபங்ஷன்களை ஜிலிப்சிக்கே உரிய பெயர்களுக்கு மாற்றி அழைக்கும். மஸலில் அவை இருக்காது. அதையும் தாண்டி ஓடினால், அதுதான் பெரிய வம்பு: ஸ்ட்ரக்சர் அமைப்பு வேறுபடும் ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு நாள் கிராஷ் ஆகும்.

பெயர் விவகாரத்துக்கு வருவோம். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தபோது பெயரை ஐபி எண்ணாக மாற்றும் ‘கெட்அட்ரின்ஃபோ’ ஃபங்ஷன் பற்றி லிங்கர் ஓர் எச்சரிக்கை தந்திருக்கும். அந்த ஃபங்ஷன் வேலை செய்ய, லிங்க் செய்த அதே ஜிலிப்சி பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் ஓடும் இடத்திலும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உபுண்டு 20.04-இல் உள்ள 2.31 பதிப்பு, பெயரை ஐபி எண்ணாக மாற்றும் வேலையைத் தனி மாட்யூல்களிடம் விட்டிருக்கிறது. ஓடும்போதுதான் அவற்றை ஏற்றும். உங்கள் போர்டில் அவை இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது: மஸல் டூல்செயின், ஸ்டாட்டிக் லிங்க். மஸல் பெயர் தேடும் வேலையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைப் படித்து நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். சின்ன புரோகிராம் ஒன்று ஜிலிப்சியோடு பல நூறு கேபி ஆகும் இடத்தில் மஸலோடு சில பத்து கேபியில் அடங்கும். எம்ஐடி உரிமம் என்பதால், பொருளாக விற்கும்போதும் தலைவலி குறைவு. ஜிலிப்சி எல்ஜிபிஎல். அதை ஸ்டாட்டிக்காக இணைத்து விநியோகித்தால், பெறுபவர் திரும்ப லிங்க் செய்துகொள்ள வழி செய்து தர வேண்டும்.

போர்டிலுள்ள மஸலோடு டைனமிக்காகவும் இணைக்கலாம், ஆனால் அப்போது பதிப்பு பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி: போர்டில் அந்த மஸல் லோடரையே ஒரு கட்டளை போல வெறுமனே ஓட்டுங்கள். தன் பதிப்பு எண்ணைத் தானே சொல்லும். 1.1 வரிசை என்றால் கவனம். 2020-இல் வந்த 1.2.0-இலிருந்து 32 பிட் கணினிகளிலும் நேரத்தை 64 பிட்டில் வைக்கிறார்கள், 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலுக்காக. 1.2-இல் லிங்க் செய்ததை 1.1 போர்டில் ஓட்டினால், ‘டைம்64’ என்று முடியும் ஏதோ ஒரு சிம்பல் (ஃபங்ஷன் பெயர்) இல்லை என்று நின்றுவிடும். ஸ்டாட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கெர்னலில் புதிய சிஸ்டம் கால் இல்லாவிட்டால் மஸல் தானே பழையதற்கு இறங்கிக்கொள்ளும். டிஎல்ஓப்பன் ஃபங்ஷன் மூலம் ஓடும்போதே ப்ளக்-இன் ஏற்றும் திட்டம் இருந்தால் மட்டும் ஸ்டாட்டிக் உதவாது.

டூல்செயினை நீங்களே கட்டத் தேவையில்லை. பூட்லின் நிறுவனம் ஆயத்தமான டூல்செயின்களை இலவசமாகத் தருகிறது. ஆர்ம்வி7 ஹார்டு ஃப்ளோட் (தசமக் கணக்கைச் சிப்பின் எஃப்பியு பகுதியே செய்யும் வகை), மஸல், ஸ்டேபிள் என்று தேர்ந்தெடுத்து இறக்குங்கள். நீங்களே கட்ட ஆசையிருந்தால் கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவி. அதன் மெனுகான்ஃபிக் அமைப்புத் திரையில் சிபியு கார்டெக்ஸ்-ஏ7, எஃப்பியு நியான்-விஎஃப்பிவி4, ஹார்டு ஃப்ளோட், சி லைப்ரரி மஸல். லினக்ஸ் ஹெடர் பதிப்பு போர்டில் ஓடும் கெர்னலைவிடப் புதியதாக வேண்டாம். ரூட் பயனராக ஓட்டினால் கிராஸ்டூல்-என்ஜி மறுத்துவிடும். கட்டும் நேரத்தில் ஜிசிசி ஒரு முறைக்கு மேல் கம்பைல் ஆவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சி லைப்ரரியைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும், முழுமையான கம்பைலருக்கு சி லைப்ரரி வேண்டும். அதனால் முதலில் ஓர் அரைகுறை ஜிசிசி, அதைக் கொண்டு மஸல், பிறகு முழு ஜிசிசி.

ஏன் இவ்வளவு பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால், டூல்செயினோடு ஏற்கெனவே கம்பைல் ஆன சின்னச் சின்ன ஆப்ஜெக்ட் ஃபைல்களும் வருகின்றன. மெயின் ஃபங்ஷனுக்கு முன் ஓடும் தொடக்கக் கோடு (நிரல்) அவற்றில்தான் இருக்கிறது. உபுண்டுவின் ஹார்டு ஃப்ளோட் டூல்செயினை ராஸ்பெர்ரி பை ஜீரோவில் பயன்படுத்துகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அந்தச் சிப் ஆர்ம்வி6, டூல்செயின் ஆர்ம்வி7. உங்கள் கோடுக்கு ஆர்ம்வி6 என்று ஆப்ஷன் கொடுத்தாலும் அந்தத் தொடக்கக் கோடு மாறாது, ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’தான் வரும். உங்கள் வி3எஸ் சிப்பில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ7, அதாவது ஆர்ம்வி7, என்பதால் தப்பித்தீர்கள்.

அடுத்து நீங்கள் இடறப்போவது அநேகமாக எம்க்யூடிடி லைப்ரரியில். லேப்டாப்பில் கம்பைல் ஆனது உதவாது, அதன் சோர்ஸை எடுத்து இதே டூல்செயினில் கட்ட வேண்டும். சோர்ஸோடு வரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கேட்கும் ‘ஹோஸ்ட்’ என்பது உங்கள் லேப்டாப் அல்ல, புரோகிராம் ஓடப்போகும் போர்டு. ஜிசிசி பெயருக்கு முன்னால் வரும் நீண்ட முன்னொட்டை அங்கே கொடுங்கள், கடைசி ஹைபனை விட்டுவிட்டு. லைப்ரரிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியைச் சும்மா விட்டால் லேப்டாப்பின் லைப்ரரிகளைக் காட்டும். அதன் ‘லிப்டிர்’ என்விரான்மென்ட் வேரியபிளை டூல்செயினின் சிஸ்ரூட்டுக்கு (போர்டுக்கான லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்) திருப்பிவிடுங்கள்.

த்ரெட் ஸ்டாக்கையும், அதாவது ஒவ்வொரு த்ரெட்டின் லோக்கல் வேரியபிள்களுக்கும் ஒதுக்கப்படும் நினைவகத்தையும், பாருங்கள். ஜிலிப்சியில் பெரும்பாலும் 8 எம்பி கிடைக்கும். மஸலில் 128 கேபிதான், பழைய பதிப்புகளில் அதுவும் இல்லை. எம்க்யூடிடிக்கான மஸ்கிட்டோ லைப்ரரியை அதன் சொந்த த்ரெட்டில் ஓடவிட்டால் கால்பேக்குகளும் (லைப்ரரி திரும்ப அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்கள்) அந்த த்ரெட்டில்தான் ஓடும். அதற்குள் 200 கேபிக்கு ஒரு லோக்கல் அரே அறிவித்திருந்தால், லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது போர்டில் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகும். அரேயை ஸ்டாட்டிக் ஆக்குங்கள், அல்லது லிங்கருக்கு ‘ஸ்டாக்-சைஸ்’ ஆப்ஷன் கொடுத்து 1 எம்பி கேளுங்கள். 1.1.21 முதல் மஸல் அதை மதிக்கும்.

கட்டி முடித்ததும் மறுபடி ரீட்எல்ஃப். இன்டர்பிரட்டர் வரியே இல்லையென்றால் போர்டுக்கு அனுப்பலாம்.