முதல் கவிதை: கேட்டவர்களுக்கு டீச்சரின் பதில்கள்

மலேசியாவில் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறி நெடுநாளாகியும் எங்கள் வாயில் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். பதினாறு வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தேன். பிறகு தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனேன். சில ஆண்டுகள் ஒரு ஞாயிறு பதிப்புக்கு வாசகர் கவிதைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இயற்கையைப் பற்றி முதல் கவிதை எழுதியவர்கள் கேட்டவை கீழே.

டீச்சர், என் கவிதை ரப்பர் மரம் பற்றியது. குயிலும் தாமரையும் அதில் இல்லை. போடுவார்களா?

இல்லாததே நல்லது, அம்மா. தாமரைக் குளத்தையே பார்த்திராதவர்கள் எழுதிய தாமரைகளைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் "மரம் கண்ணீர் வடிக்கிறது" என்ற உங்கள் மூன்றாம் வரியை எடுத்துவிடுங்கள். பால்மரம் என்றதும் எல்லோருக்கும் கண்ணீர்தான் வருகிறது. கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, விடியற்காலை மழையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அம்மா, அவரிடமிருந்து தொடங்குங்கள். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெங்கும் பரவிவிடும், பால் ஏந்தும் மங்குக்கு வராது. அன்றைய கூலியும் அப்படித்தான். இதை நீங்கள் விளக்கவே வேண்டாம். வாளி கவிழ்ந்திருப்பதைக் காட்டினால் போதும். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள பொருள்கள்), உரி (மன உணர்வு) என்று பழைய இலக்கணம் சொல்வது இதைத்தான்: பொழுதையும் பொருளையும் சரியாக வைத்தால் மனம் தானாக வந்து உட்காரும்.

எங்கள் பக்கம் ரப்பரே இல்லை, எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. அதில் கவிதை எங்கே இருக்கிறது?

தம்பி, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே நம் பக்கத்துத் தென்னமரத்தில் 1917இல் போட்டதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் பல தோட்டங்களில் பூந்தூளைப் பெண்பூவில் சேர்த்தது தொழிலாளர்களின் கை. அந்த வேலையைப் பறித்த வண்டு குலைக்குள் நுழைவதை நின்று பாருங்கள். உங்கள் பாட்டியையும் கேளுங்கள்.

மின்மினியை விண்மீனுக்கு ஒப்பிட்டேன். பழசு என்கிறார்கள்.

பழசுதான். கம்போங் குவாந்தானில் இரவுப் படகு ஏறிப் பாருங்கள். ஆற்றோர பெரெம்பாங் மரத்தில் அவை ஒன்றுபோல் எரிந்து ஒன்றுபோல் அணைகின்றன. விண்மீன் அப்படிச் செய்யாது.

மரபா, புதுக்கவிதையா?

கைக்கு வருவதை எழுதுங்கள். ஆனால் வெண்பா என்று தலைப்பிட்டுத் தளை தட்டினால் (சீரோடு சீர் சேரும் விதி பிழைத்தால்) அடுத்த வாரமே யாராவது கடிதம் போடுவார்.

எங்கே, எப்படி அனுப்புவது?

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதில் ஒரு பக்கம் குறைந்தது. மற்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளையும் இணைய இதழ்களையும் இரண்டு மாதமாவது படித்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கையெழுத்தைப் படம்பிடித்து அனுப்பினால் தட்டச்சு செய்ய ஆளில்லாமல் அது ஓரமாகக் கிடக்கும். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். முகநூலில் போட்டதை "இதுவரை வெளிவராதது" என்று எழுதவும் வேண்டாம்.

தொகுப்பில் சேர்க்க முந்நூறு ரிங்கிட் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல கவிதை நூல்கள் வாங்கலாம்.

யாராவது திருடிவிட்டால்?

எழுதிவைத்த கணமே உரிமை உங்களுடையது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள். முதல் கவிதையைத் திருடுகிறார்கள் என்றால் அது நன்றாக இருக்கிறது என்றும் பொருள்.

உங்கள் முதல் கவிதை எப்படி வந்தது, டீச்சர்?

பிழையோடு வந்தது. "மங்கு நிரம்பி வழிந்தது" என்று எழுதியிருந்தேன். அச்சுக்கோர்த்தவர் தோட்டம் பார்க்காதவர் போலும். "மங்கை நிரம்பி வழிந்தது" என்று வந்துவிட்டது. வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் துண்டை வெட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன், விடவில்லை. இப்போதெல்லாம் மங்கு என்று எழுதினால் 'பால் ஏந்தும் கிண்ணம்' என்று இதழாசிரியருக்கு அடியில் ஒரு குறிப்பு வைத்துவிடுகிறேன்.