கடைமடைக்காரர்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

இன்னும் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து மனிதர்கள் நன்றாக இருப்பார்கள் என்று நம்புகிறீர்களா? இந்த நூற்றாண்டிலேயே மனித குலம் மீளமுடியாத பேரழிவில் சிக்க ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்கிறார் டோபி ஆர்ட் என்ற தத்துவவாதி. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள்.

ம., வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

ஆறில் ஒன்று என்பது அளந்து எடுத்த கணக்கு இல்லை, தன்னுடைய உத்தேசம் என்றுதான் அவரும் சொல்கிறார். ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மீதி ஐந்தைப் பற்றித்தான் யோசனை. பிழைத்துக் கிடந்தால் மட்டும் போதுமா?

எங்கள் ஆச்சி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவளுக்கு அது பெரிய துக்கக் கதையாகவே தோன்றவில்லை, தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். மனித வரலாற்றின் பெரும்பகுதியில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குப் பாதி ஆளாகாமலே போயின. இன்று உலகத்தில் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டைக் குறிபார்த்து வைத்துக்கொண்டே அந்த ஒரு வேலைக்குக் கைகொடுத்தன. எனக்கு நம்பிக்கை வருவது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஆனால் ஆச்சியின் ஊர் கடைமடை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதன் தென்காலில் வால்பகுதி. பாபநாசத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தாச்சு என்று பேப்பரில் வரும், எங்கள் வாய்க்காலில் ஓணான் ஓடும். மேல்மடைக்காரர் கெட்டவர் இல்லை. அவர் வரப்பில் நின்றால் எங்கள் வயல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பயிர் கருகினால் நாங்கள் கலெக்டர் ஆபீசில் போய் உட்காரலாம். 2500-இல் பிறக்கப்போகிறவன் எங்கே போய் உட்காருவான்?

சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். செத்தவருக்காக யாரோ வைத்த நெல். நாம் விட்டுப்போவது வேறு மாதிரி. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். (உலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அந்த நெல்லுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல். அவ்வளவு கீழே இருப்பவர்களுக்கும் நாம் மேல்மடை.

ஆக, நல்லதாக அமையவே வாய்ப்பு அதிகம் என்பேன். எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதீர்கள். மேலே இருக்கிறவர்கள் கடைமடையை நினைத்து மடையை அடைத்ததும் நடந்திருக்கிறது. ஓசோனைத் தின்னும் ரசாயனங்களை நிறுத்த 1987-இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை போட்டார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள ஓட்டை 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் அநேகம் பேர் அப்போது இருக்க மாட்டார்கள். உங்கள் மகளுக்கு நாற்பது தாண்டியிருக்கும்.