ஓடாவியின் விரல்

அன்புள்ள ஐயா,

12 அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றைச் செய்யப்போகிறேன். குழிவாடியை வாங்குவதா, நானே தேய்ப்பதா? அலுமினியப் பூச்சை வீட்டில் போடலாமா? மிச்சம் மரவேலையும் இரும்புவேலையும்தான். ஒரு தச்சரிடம் கொடுத்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடும். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை என் மகளுக்குக் காட்ட ஆசை.

ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

அன்புத் தம்பி,

முதன்முதலில் தேய்ப்பவர் 12 அங்குலத்தில் கைவைக்கக் கூடாது. ஆறு அங்குல ஆடியில் பழகுங்கள், பெரியதை வாங்குங்கள். பூச்சுக்கு வெற்றிடக் கலம் வேண்டும், வீட்டில் நடக்காது. இவ்வளவு போதும்.

"மிச்சம்" என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. எதை மிச்சம் என்கிறீர்கள்? ஆடி ஒளியைக் குவிக்கும். அந்த ஒளியை ஒரு மனிதக் கண் நின்று நிதானமாகப் பார்க்க விடுவது பலகை. 200 மடங்கு உருப்பெருக்கத்தில் சாதாரணப் பார்வைத்துண்டு (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) வழியே வானத்தின் கால் பாகைதான் தெரியும். பூமி சுழல்வதால் சனி அந்த வட்டத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே இரவு முழுவதும் குழாயை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிப் பிடித்து, பிறகு திடீரென்று துள்ளும் தாங்கியில் உலகின் மிகச் சிறந்த ஆடியை வைத்தாலும் வீண். கையின் நடுக்கமும் 200 மடங்காகத்தானே தெரியும்?

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 1986இல் ஹேலியின் வால்வெள்ளியைப் பார்ப்பதற்காக ஆறு அங்குல ஆடி ஒன்றைத் தேய்த்து, இரும்புக் குழாய்களை ஒட்டவைத்து முக்காலி செய்தேன். இரவில் கடற்கரைக்குப் போக முடியாத போர்க்காலம். முற்றத்தில்தான் எல்லாம். வால்வெள்ளியைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்ததால் குறை வெளியே வரவில்லை. அது போன பிறகு சனிக்குத் திருப்பினேன். கடற்காற்று ஒருமுறை வீசியதும் வளையம் கொதிக்கும் சோறாகத் துள்ளியது. ஆடியைத்தான் பிழையாகத் தேய்த்துவிட்டேன் என்று அழுதேன்.

மூதூரில் வள்ளம் கட்டும் ஓடாவியாக இருந்த என் தாய்மாமா வந்தார். வானத்தைப் பார்க்கவே இல்லை. குழாயின் நுனியை விரலால் தட்டி, ஆட்டம் அடங்கும்வரை வாய்விட்டு எண்ணினார். ஏழு வந்தது. முக்காலியைப் பிடுங்கி எறிந்தார். குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டு, தராசு போல் சமமாக நிற்கும் இடத்தைத் தேடி, அங்கே கரிக்கோடு போட்டார். வள்ளத்துக்கு வைத்திருந்த முதிரைத் துண்டுகளில் தரையோடு பதிந்த அகலமான பெட்டி செய்தார்; குழாயின் இரு பக்கமும் பெரிய மரவட்டங்கள் பொருத்தி, உரசும் இடமெல்லாம் மெழுகு தேய்த்தார். பிறகு தட்டியபோது இரண்டு எண்ணுமுன் அடங்கிவிட்டது. அன்றிரவு வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் இருந்த கறுப்பு இடைவெளியை மாமாவும் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை.

அமெரிக்காவில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்த ஜோன் டொப்சன், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடிகள் செய்தவர். ஆனால் இன்று உலகமெங்கும் அவர் பெயரில் வழங்குவது அவருடைய ஆடி அல்ல. பலகையால் செய்த எளிய தாங்கி. மாமா அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

மெழுகுக்குப் பதிலாக இப்போது டெஃப்லான் துண்டுகளும் சொரசொரப்பான போமைக்காவும் கிடைக்கின்றன. பெட்டி சுழலும் அடிப்பக்கத்தில் மூன்று டெஃப்லான் துண்டுகள் போதும். நான்கு வைத்தால் ஒன்று சரியாகப் படியாது. பலகை 18 மில்லிமீற்றர் கடற்பயன் ஒட்டுப்பலகையாக இருக்கட்டும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் மார்கழி மழையில் ஊதிவிடும். இரும்புத் திருகாணி உப்புவெளியில் ஒரு வருடமும் தாங்காது.

உங்கள் ஆசை நல்ல ஆசை, தம்பி. இலண்டனில் இருப்பவர்கள் எவ்வளவு பெரிய கருவி வைத்திருந்தாலும் ஒமேகா சென்டாரி அவர்களுக்கு உதிப்பதே இல்லை. நமக்கோ வைகாசித் தொடக்கத்தில் இரவு பத்து மணியளவில் கொட்டியாரக் குடாவின் மேல் 34 பாகை உயரத்தில் நிற்கும். மகளுக்குக் கண் எட்டும் உயரத்தில் ஒரு பலகைப் படியும் செய்யுங்கள்.

தச்சரிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆடி வருமுன்னே பெட்டி முடியட்டும். ஆடி இருக்க வேண்டிய இடத்தில் அதே எடைக்கு மணல் பை வைத்து, நுனியைத் தட்டி எண்ணுங்கள். எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.